பத்து கிலோவா, பதினாறரை கிலோவா?

ஒரு மாதமாக மண்டைக்குள் இதே ஓட்டம்தான். ஃபெண்டர் ரம்பிள் 100 வாங்குவதா, ரம்பிள் 500 வாங்குவதா? இரண்டுமே பேஸ் கிதாருக்கான காம்போ, அதாவது ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டிக்குள். சின்னதில் 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்று, எடை 10 கிலோ. பெரியதில் 10 அங்குல ஸ்பீக்கர் இரண்டு, எடை பதினாறரை கிலோ. வாட்ஸை விட்டுவிட்டு எடையைப் பற்றிப் பேசுகிறானே என்று நினைப்பீர்கள். நான் குடியிருப்பது மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது.

இப்போது இருப்பது 30 வாட் பெட்டி. எந்தக் கம்பெனி என்பதை விடுங்கள், வீட்டில் வாசித்துப் பழக அதைக் குறை சொல்லவே முடியாது. போன மாதம் அதை ரிகர்சலுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். தகரக் கூரை போட்ட அறை, இரண்டடி தள்ளி ட்ரம்ஸ். இரண்டாவது பாட்டிலேயே ட்ரம்மர் தம்பி கையை நிறுத்திவிட்டு, "அண்ணே, வாசிக்கியளா, சும்மா நிக்கியளா?" என்றான். வால்யூமை ஏற்றினேன். ஒன்றும் நடக்கவில்லை. பேஸ் நாபை முழுக்கத் திருகினேன். அவ்வளவுதான், தடித்த ஈ (E) கம்பியைத் தொடும்போதெல்லாம் பெட்டி 'பர்ர்ர்' என்று கத்த ஆரம்பித்தது. மேலே வைத்திருந்த ட்யூனர் ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, சரணம் வருவதற்குள் விளிம்புக்கு வந்து கீழே விழுந்தது. எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

தப்பு பாதி என்னுடையது. நான்கு கம்பி பேஸில் அடி ஈ அதிர்வது 41 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 41 தடவை. அவ்வளவு கீழே நம் காது மந்தம். அதைக் காதுக்குக் கொண்டுவர ஆம்ப் இருக்கிற சக்தியை எல்லாம் கொட்ட வேண்டியிருக்கும். பேஸ் நாபை ஏற்றினால், இருக்கிற கொஞ்சநஞ்ச வாட்ஸையும் அது தின்றுவிடும். ஏற்ற வேண்டியது மிட், அதாவது நடுத்தர ஒலிகளுக்கான நாப். சின்னப் பெட்டிகள் அந்த 41 ஹெர்ட்ஸை ஒழுங்காகக் கொடுப்பதே அபூர்வம். அதன் மடங்குகளான 82, 123 ஹெர்ட்ஸ்தான் காதுக்கு வருகின்றன, அடி ஸ்வரத்தை மூளை தானாகவே போட்டு நிரப்பிக்கொள்கிறது. அடுத்த ரிகர்சலில் பேஸைக் குறைத்து, மிட்டை ஏற்றி, பெட்டியை ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் தூக்கி வைத்தேன். "இப்பம் பரவால்லண்ணே" என்றான் தம்பி. அந்தப் 'பரவால்ல'வைக் கேட்டுத்தான் புது ஆம்ப் தேட ஆரம்பித்தேன்.

கடைக்குப் போனால் வாட்ஸ், வாட்ஸ் என்றே பேசுகிறார்கள். சத்தத்தை அளக்கிற டெசிபல் கணக்கில், வாட்ஸ் இரண்டு மடங்கானால் கூடுவது 3 டெசிபல். காதுக்கு இரண்டு மடங்கு சத்தம் என்று தோன்ற வேண்டுமானால் ஏறக்குறைய பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். அப்புறம் இன்னொன்று. ரம்பிள் 500 என்று பெயர் இருந்தாலும் தனிப் பெட்டியாக அது 350 வாட்தான். கூட ஒரு கேபினெட்டை, அதாவது ஸ்பீக்கர் மட்டும் உள்ள பெட்டியை, இணைத்தால்தான் 500. ஆக 100க்கும் 350க்கும் நடுவில் வாட்ஸ் கணக்கில் வித்தியாசம் ஐந்தரை டெசிபல்கூட இல்லை. இதற்காக ஆறரை கிலோவைக் கூடுதலாக மூன்று மாடி ஏற்றுவதா?

குழுவில் எல்லாரும் 100ஐ வாங்கச் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. கோயில் கொடைக் கச்சேரி என்றால் மைக்செட்காரரே மலைபோல் ஸ்பீக்கரை அடுக்கிவிடுவார். ஆம்பின் பின்னால் இருக்கும் எக்ஸ்எல்ஆர் என்ற மூன்று பின் சாக்கெட்டிலிருந்து ஒரு ஒயர் மிக்ஸருக்குப் போய்விட்டால் போதும், ஊருக்கே பேஸ் கேட்கும். நம் பெட்டி நம் காதுக்கு மட்டும். இரண்டு மாடலிலும் அந்த வசதி உண்டு, அந்த ஒயரின் எர்த் இணைப்பை மட்டும் துண்டிக்கிற கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சும் உண்டு. 'ம்ம்ம்' என்று இரைச்சல் வந்தால் அந்த சுவிட்சைத் தட்டிப் பாருங்கள். பிளக்கில் எர்த் பின்னைப் பிடுங்கி எறிகிற பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். கம்பியில் இருப்பது நம் கை.

ஆனால் நான் மாதத்தில் வாசிக்கிற நேரத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கொடை சீசன் போனால் மிச்சமெல்லாம் அந்தத் தகரக் கூரை ரிகர்சலும் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சும்தான். இரண்டு இடத்திலும் பேஸுக்கு மைக்செட் கிடையாது. இந்தப் பெட்டியை விட்டால் வேறு கதியில்லை. அங்கே அந்த ஐந்து டெசிபல் சின்ன விஷயம் இல்லை. கம்பியைச் சுண்டும் முதல் நொடியில் சராசரியைவிடப் பல மடங்கு சக்தி தேவைப்படும். அது இல்லாத ஆம்பில் சத்தம் அங்கேதான் உடையும். போதாததற்கு இரண்டு ஸ்பீக்கர் சேர்ந்து காற்றைத் தள்ளுகிற சௌகரியமும் இருக்கிறது.

எடையைப் பற்றிப் புலம்பும்போதெல்லாம் பழையவர்களை நினைத்துக்கொள்கிறேன். 1969இல் வந்த ஆம்பெக் எஸ்விடி வால்வு ஆம்ப், 300 வாட். ஸ்பீக்கர் இல்லாத தலைப்பெட்டி மட்டுமே 35 கிலோவுக்கு மேல். அதற்கு ஜோடி, எட்டு ஸ்பீக்கர் வைத்த ஃப்ரிட்ஜ் சைஸ் கேபினெட். இன்றைக்கு கிளாஸ் டி என்ற எடை குறைந்த ஆம்ப் வகை வந்ததால்தான் 350 வாட்டைப் பதினாறரை கிலோவில் தூக்க முடிகிறது.

அமெரிக்காவிலிருந்து வரும் மச்சானிடம் சொல்லிவிடலாமே என்று வீட்டில் யோசனை வந்தது. அங்கே 120 வோல்ட், இங்கே 230. அந்த ஊருக்கென்று செய்த பெட்டியை இங்கே நேராகச் சொருகினால் கதை முடிந்தது. டிரான்ஸ்ஃபார்மரையும் சேர்த்துத் தூக்குவதென்றால் எடைக் கணக்கு மறுபடி முதலிலிருந்து. வேண்டாம் என்றுவிட்டேன்.

மனசு 500 பக்கம் சாய்ந்துவிட்டது. சனிக்கிழமை என் பேஸையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போகிறேன். பெட்டிக்கு முன்னால் குத்தவைத்து வாசித்துப் பார்ப்பதாக இல்லை. 41 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 27 அடி, அவ்வளவு நீள அலைக்குப் பக்கத்துச் சுவரும் சேர்ந்து பலம் கொடுக்கும். சுவரோரம் வைத்தால் எந்தப் பெட்டியும் குமுறும். சுவரை விட்டுத் தள்ளி வைக்கச் சொல்லி, நீள லீடைப் போட்டுப் பத்தடி தள்ளி நின்று, அடி ஈயை உரக்க வாசித்துப் பார்க்கப் போகிறேன். பையில் இன்ச் டேப்பும் இருக்கும். ஸ்கூட்டரின் முன் பலகையை நேற்றே அளந்துவிட்டேன், இடம் கொஞ்சம் இடிக்கிற மாதிரித்தான் தெரிகிறது. ரம்பிள் 500ஐ ஸ்கூட்டரில் வைத்து ஓட்டியவர்கள் யாராவது இருந்தால், கால் எங்கே வைத்தீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள்.