பெட் ஸ்கேன் மட்டும் எச்.எல்.எச். நோயை உறுதி செய்யாது

"பெட்-சிடி ஸ்கேன் எடுத்தாலே எச்.எல்.எச். இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும், எலும்பு மஜ்ஜைச் சோதனையெல்லாம் வீண் வேலை" என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். அது தப்பு. நோயெதிர்ப்பு அணுக்கள் கட்டுக்கடங்காமல் கிளர்ந்து சொந்த உடலையே சேதப்படுத்தும் இந்த நோய்க்கு (முழுப்பெயர் ஹீமோஃபேகோசைட்டிக் லிம்ஃபோஹிஸ்டியோசைட்டோசிஸ்) எச்.எல்.எச்.-2004 என்ற நோயறியும் அளவுகோலைத்தான் பெரும்பாலும் பார்ப்பார்கள். மரபணுக் கோளாறு உறுதியாகாத நிலையில், அதிலுள்ள 8 அம்சங்களில் 5 ஆவது பொருந்த வேண்டும். காய்ச்சல், மண்ணீரல் வீக்கம், ரத்த அணுக்கள் குறைவது, ரத்தத்தில் ஃபெரிட்டின் (இரும்பைச் சேமிக்கும் புரதம்) லிட்டருக்கு 500 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருப்பது என்று போகும் அந்தப் பட்டியலில் பெட் ஸ்கேன் கிடையவே கிடையாது. மண்ணீரல் வீக்கத்தைக்கூட சாதாரண அல்ட்ராசவுண்டிலேயே பார்த்துவிடலாம்.

சரி, அப்படியானால் செல்கள் அதிகமாக இயங்கும் இடங்களை ஒளிரச் செய்து காட்டும் பெட் ஸ்கேன் எதற்கு? பெரியவர்களுக்கு இந்த நோயைத் தூண்டிவிடுவது பல நேரம் லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோய். அது எங்கே ஒளிந்திருக்கிறது, எந்த நிணநீர்க்கணுவில் பயாப்ஸி எடுத்தால் பலன் இருக்கும் என்று காட்டுவதில் பெட் ஸ்கேன் கெட்டிக்காரன். ஆனால் கடுமையான தொற்றிலும் மண்ணீரலும் மஜ்ஜையும் இதே மாதிரி ஒளிரும், அதை வைத்து மட்டும் நோய்க்குப் பெயர் வைக்க முடியாது.

அப்புறம், மஜ்ஜைச் சோதனை ரத்த அணுக்களை விழுங்கும் செல்களைத் தேட மட்டுமல்ல (அவை தெரியாவிட்டாலும் நோய் இருக்கலாம்), பின்னால் இருக்கும் புற்றுநோயையும் தொற்றையும் தேடவும்தான்.