கையில் பணம் இருந்தும் அரிசி வாங்க முடியாதவர்கள்

கியூஆர் பலகை வைப்பது வேறு, ரொக்கம் வாங்க மறுப்பது வேறு. இந்த இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவதால்தான் நம் வட்டாரத்தில் இந்த விவாதம் எப்போதும் தடம் மாறிப் போகிறது. கியூஆரை நான் எதிர்க்கவில்லை. ரொட்டி சானாய் கடைக்கும் பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தை வியாபாரிக்கும் அது நிறைய நல்லது செய்திருக்கிறது. நான் எதிர்ப்பது, அரிசி, மருந்து, பெட்ரோல் விற்கிற கடை 'கேஷ்லெஸ் ஒன்லி' என்று எழுதி ஒட்டுவதை. பபுள் டீ கடையிலும் கார் கழுவும் இடத்திலும் ஆரம்பித்தது, அடுத்து பாருக்கு வந்தது. இப்போது மினிமார்க்கெட் வாசல் வரை வந்துவிட்டது.

சிலாங்கூரின் பெஸ்தாரி ஜெயா பக்கம் இருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். 1917இல் மலேசியாவின் முதல் வணிகச் செம்பனை நடவு தொடங்கிய தென்னமரம் தோட்டம் இருக்கும் வட்டாரம் இது. தலைமுறை தலைமுறையாகச் சம்பளத்தைக் கையில் எண்ணி வாங்கிய மக்கள். இன்று சட்டப்படி சம்பளம் பேங்கில் விழுகிறது. சம்பளநாளில் ஏடிஎம் முன்னால் வரிசை நிற்கிறது, எடுத்த பணத்தை வீட்டில் வைத்து மாதத்தை ஓட்டுகிறார்கள். வேறு பேங்க் ஏடிஎம் என்றால் ஒவ்வொரு முறையும் 1 வெள்ளி (ரிங்கிட்) பிடித்துக்கொள்ளும். 20 வெள்ளி எடுக்கிற பாட்டிக்கு அது நூற்றுக்கு ஐந்து வட்டி மாதிரி. அந்த 1 வெள்ளியையும் கொடுத்து எடுத்து வந்த பணத்தைக் கடைக்காரர் 'இது இங்கே செல்லாது' என்று சொல்லலாமா? இதுதான் என் கேள்வி.

பெரிய நகரத்தில் கேஷ்லெஸ் என்றால் கார்டும் உண்டு. டெபிட் கார்டு இருந்தால் போதும், கைப்பேசியே வேண்டாம். நம்மூர்ச் சின்னக் கடைகளில் கார்டு மெஷின் கிடையாது. மெஷினுக்கு வாடகை, ஒவ்வொரு விற்பனைக்கும் கழிவு என்று செலவு இருப்பதால், மேசையில் கியூஆர் அட்டையை மட்டும் வைக்கிறார்கள். ஆகவே நம்மூரில் 'கேஷ்லெஸ் ஒன்லி' என்றால் 'ஸ்மார்ட்போன் ஒன்லி' என்றுதான் பொருள். பையில் டெபிட் கார்டு வைத்திருப்பவரும் வெளியேதான் நிற்க வேண்டும்.

'வயசானவங்களுக்கு டெக்னாலஜி தெரியாது, கத்துக்கணும்' என்று சொல்லி இதை முடித்துவிடுகிறார்கள். எனக்கு இந்தப் பேச்சில் கொஞ்சமும் உடன்பாடு இல்லை. ஒரு கியூஆரை ஸ்கேன் செய்து 8 வெள்ளி கட்டுவதற்குப் பின்னால் எத்தனை படிகள் இருக்கின்றன என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

முதலில் அடையாள அட்டை. குடிமக்களுக்கான நீல ஐசி இருந்தால் சிக்கல் குறைவு. சிவப்பு ஐசி நிரந்தரவாசிக்கு, பச்சை ஐசி தற்காலிகவாசிக்கு. பச்சையைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், அது தாமதமானால் பேங்க் வேலை அனைத்தும் அந்தரத்தில் நிற்கும். பிறப்புப் பத்திரம் எடுக்காமல் விட்ட குடும்பங்கள் தோட்டப்புறத்தில் இன்னும் இருக்கின்றன. எந்த ஐசியும் இல்லாதவருக்குக் கணக்கும் இல்லை, மின்பணப்பையும் இல்லை. இந்த நாட்டிலேயே பிறந்து, இங்கேயே பால்மரம் சீவி முதுமை அடைந்தவர்கள் அதில் உண்டு. அவர்கள் கையில் சேரக்கூடிய ஒரே பணம் ரொக்கம்.

ஐசி இருந்தால் அடுத்தது முகச் சரிபார்ப்பு. செயலியில் ஐசியைப் படமெடுத்து, பிறகு முகத்தைக் காட்டிக் கண் சிமிட்ட வேண்டும். மைகாட் என்கிற சிப் வைத்த ஐசி 2001இல் வந்தது. அந்தக் காலத்தில் எடுத்த படத்தோடு இருப்பவர்களின் முகம் இன்று எவ்வளவோ மாறியிருக்கும், பல் போயிருக்கும், கன்னம் ஒட்டியிருக்கும். மழுங்கிய கேமரா, லயத்து வீட்டு மங்கல் விளக்கு, ஐசி மேல் தேய்ந்துபோன பிளாஸ்டிக், எல்லாம் சேர்ந்தால் செயலி திரும்பத் திரும்ப நிராகரிக்கும். பகல் வெளிச்சத்தில், வெள்ளைச் சுவர் பக்கம் நின்று, ஐசியைக் கறுப்புத் துணி மேல் வைத்து எடுத்தால் தேறுவதற்கு வாய்ப்பு அதிகம். அதற்கும் தேறாவிட்டால் தேசியப் பதிவுத் துறையான ஜேபிஎன் போய் ஐசியைப் புதுப்பிக்க வேண்டும்.

மூன்றாவது, கைப்பேசி எண். இங்கேதான் நிறையப் பேர் விழுகிறார்கள். பிரிபெய்ட் எண்ணுக்குக் காலக்கெடு உண்டு. காசு ஏற்றாமல் விட்டால் முதலில் அழைப்பு நிற்கும், பிறகு எண்ணே பறிபோய் வேறொருவருக்குப் போகும். கணக்கு பழைய எண்ணில் பதிவாகியிருக்கும், உறுதிப்படுத்தும் குறியீடு முகம் தெரியாத யாருக்கோ போகும். எண் மகன் பெயரில் இருந்து, மகன் சிங்கப்பூரில் வேலை செய்தால் கதை இன்னும் சிக்கல்.

நான்காவது, கருவி. 2022 செப்டம்பரில் மத்திய வங்கியான பேங்க் நெகாரா மோசடிகளைத் தடுக்கப் புதிய நடவடிக்கைகளை அறிவித்தது. குறுஞ்செய்திக் குறியீட்டை விட்டு வெளியேறுவது, ஒரு கணக்கை ஒரு கருவியோடு மட்டும் பிணைப்பது, புதிதாகப் பதிந்தால் சில மணி நேரம் காத்திருக்க வைப்பது ஆகியவை அதில் அடக்கம். மோசடிக்காரன் கையில் சேமிப்பைப் பறிகொடுத்தவர்களை நினைத்தால் இவை தேவையான நடவடிக்கைகள்தான். ஆனால் ஒரு வீட்டில் அப்பாவும் அம்மாவும் ஒரே கைப்பேசியைப் பகிரும் இடத்தில் இதன் விளைவு என்ன? கைப்பேசி அப்பாவோடு காலை ஐந்தரைக்குப் பால்மரம் சீவப் போய்விடுகிறது. அம்மா பத்து மணிக்குக் கடைக்குப் போனால் பணம் அவளிடம் இல்லை. கைப்பேசி சேற்றில் விழுந்து கெட்டால், புதியதில் பதிந்து காத்திருக்கிற நேரம் முழுக்க வீட்டில் பணம் இருந்தும் இல்லாத நிலை.

ஐந்தாவது, அலைவரிசை. 2021 இறுதியில் 3ஜி சேவை நிறுத்தப்பட்டது. 4ஜி எடுக்காத பழைய கைப்பேசி அதோடு 2ஜிக்கு இறங்கியது, பேச மட்டும் உதவும், செயலி திறக்காது. 4ஜி கைப்பேசி இருந்தாலும், பழைய ஆண்ட்ராய்டு என்றால் பேங்க் செயலிகள் ஒவ்வொன்றாகக் கைவிடும். 16ஜிபி கொள்ளளவில் வாட்ஸ்அப் படங்களே பாதியை அடைத்திருக்க, புதுப்பிப்பு இறங்காது. செம்பனைக் காட்டின் நடுவே, பள்ளத்தில் இருக்கிற கடையில் சிக்னல் கோடு ஒன்றுக்கும் இரண்டுக்கும் ஊசலாடும். சாயங்கால மழை வந்து கரண்ட் போனால் கடையின் வைஃபையும் போகும்.

இத்தனையும் சரியாக இருந்தால்தான் 8 வெள்ளி கடைக்காரரிடம் போய்ச் சேரும். ஒன்று பிசகினால் போதும். கடைக்காரர் கண்ணுக்கு அந்தப் படிகள் எதுவும் தெரியாது. 'இந்தப் பாட்டிக்கு போன் தட்டத் தெரியல' என்பது மட்டும்தான் தெரியும்.

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சம்பளம் கணவர் கணக்கில் விழும் வீடுகளில், வீட்டுச் செலவுக்கென்று மனைவி கையில் வருவது நோட்டுதான். அதில் மிச்சம் பிடித்து, அரிசி டின்னில் 10 வெள்ளி ஒதுக்கி வைத்துத்தான் பிள்ளைக்குப் பள்ளிச் சுற்றுலாக் காசு கட்டுகிறார்கள். கடை ரொக்கத்தை மறுத்தால் அவள் கணவர் கைப்பேசிக்காகக் காத்திருக்க வேண்டும், வாங்கிய ஒவ்வொரு பொருளும் அவர் திரையில் நேரத்தோடு பதிவாகும். குடிக்கிற கணவர், அடிக்கிற கணவர் உள்ள வீட்டில் இதன் அர்த்தம் என்ன என்பதை விளக்கத் தேவையில்லை. 5 வெள்ளியோடு ரொட்டி வாங்க வருகிற பத்து வயதுப் பிள்ளையும் இதே வாசலில்தான் திரும்பிப் போகிறது. பங்களாதேஷ், நேப்பாளத் தொழிலாளிகளுக்குக் கடப்பிதழ்தான் அடையாளம். அது முதலாளி அலுவலகத்தில் முடங்கினால், அல்லது பெர்மிட் புதுப்பிப்பு தள்ளிப்போனால், கணக்கும் கூடவே முடங்கலாம்.

பாரைப் பற்றி என் கருத்து கொஞ்சம் வேறு. பீர் அத்தியாவசியப் பொருள் இல்லை, அங்கே கியூஆர் மட்டும் என்றால் நான் சண்டை போட மாட்டேன். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 30 வெள்ளி நோட்டோடு உள்ளே போனவர் 30 வெள்ளியோடு நிறுத்துவார். கைப்பேசியோடு போனவருக்கு முழுச் சம்பளமும் மேசை மேலேயே இருக்கிறது. நோட்டு ஒரு வரம்பு. அந்த வரம்பு தேவைப்படுகிற குடும்பங்கள் நம்மிடையே அதிகம்.

கடைக்காரர் பக்கமும் நியாயம் இருக்கிறது, அதை மழுப்ப விரும்பவில்லை. கல்லாவில் பணம் இருந்தால் கொள்ளை பயம், வேலையாள் கை வைக்கும் பயம், இரவு எண்ணுவதற்கு அரைமணி நேரம், பேங்குக்கு அலைச்சல், எப்போதும் தீராத சில்லறைப் பிரச்சினை. இவற்றுக்குத் தீர்வு உண்டு. ஒரு சின்ன மளிகைக் கடைக்குக் காலையில் 200 வெள்ளி சில்லறைக் கையிருப்பு போதும்: 10 வெள்ளி நோட்டு 4, 5 வெள்ளி 10, 1 வெள்ளி 60, 50 காசு 60, 20 காசு 70, 10 காசு 50, 5 காசு 20. விலைகளை 10 காசு மடங்கில் வைத்தால் 5 காசு தேவையே குறையும். 2008 ஏப்ரல் முதல் ரொக்கத்துக்கு மொத்தத் தொகையை அருகிலுள்ள 5 காசுக்கு முழுமையாக்கும் முறை இருப்பதால் 1 காசுக்கு வேலையே இல்லை. பொருளுக்குப் பொருள் முழுமையாக்கக் கூடாது, பில்லின் கடைசித் தொகைக்கு மட்டும்தான்.

கல்லாவில் 300 வெள்ளி தாண்டினால் மிச்சத்தைத் தரையில் பதித்த பெட்டியில் போட்டுவிடுங்கள், சாவி கடையில் இருக்கக் கூடாது. வாசலில் 'கல்லாவில் 300 வெள்ளிக்கு மேல் இல்லை' என்று எழுதி வையுங்கள், திருட வருகிறவனும் படிப்பான். 100 வெள்ளி நோட்டு வேண்டாம் என்றால் அதை எழுதி ஒட்டுங்கள், அது நியாயம்தான். பணம் போடும் மெஷின் ஈர நோட்டையும் மடங்கிய நோட்டையும் துப்பிவிடும். 1 வெள்ளியும் 5 வெள்ளியும் பாலிமர், துடைத்தால் போதும். 10 வெள்ளியும் மேலும் காகிதம், வியர்வையில் நனைந்து வந்தால் விசிறிக் காற்றில் காய வைத்து, நீவி அடுக்கிவிட்டுப் போங்கள்.

கியூஆரும் செலவில்லாத, ஆபத்தில்லாத வழி என்று நினைக்க வேண்டாம். பழைய ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. உங்கள் கியூஆர் மேல் வேறொருவர் ஸ்டிக்கரை ஒட்டி, ஒருநாள் விற்பனையையே கொண்டுபோவதும் நடக்கிறது. தினமும் கடை திறந்ததும் உங்கள் கைப்பேசியாலேயே ஸ்கேன் செய்து, வரும் பெயர் உங்களுடையதா என்று பாருங்கள். பணம் வந்ததைச் சத்தமாகச் சொல்லும் ஒலிப்பெட்டி வாங்குங்கள். வாடிக்கையாளர் திரையை நம்பாதீர்கள்.

கைப்பேசியே இல்லாமலும் மின்கட்டணம் நடக்கும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது. 2025 ஆகஸ்ட் 31 முதல் 18 வயதுக்கு மேற்பட்ட மலேசியர் எல்லாருக்கும் அத்தியாவசியப் பொருள் வாங்க அரசு கொடுத்த 100 வெள்ளி சாரா உதவிதான் அது. மைகாட்டை மெஷினில் செருகினால் போதும், செயலி வேண்டாம், எண் வேண்டாம், டேட்டா வேண்டாம். முதல் நாளே கூட்டம் தாங்காமல் கணினி திணறியது, பொருளை எடுத்து வைத்துவிட்டு வரிசையில் காத்தவர்கள் பலர். அன்றைக்கு 'மிச்சத்தை ரொக்கமாகக் கொடுக்கலாம்' என்று வழி இருந்த கடையில் மக்கள் எப்படியோ சமாளித்தார்கள். சிவப்பு ஐசிக்காரர்களுக்கு அந்த உதவியில் பங்கில்லை, சிப் தேய்ந்த மைகாட்டை மெஷின் படிக்காது. ஆகவே அதுவும் ரொக்கத்துக்குத் துணையாக நிற்கலாம், மாற்றாக முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது? 2020ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி ரிங்கிட் நோட்டு செல்லுபடியாகும் பணம். சில்லறை என்றால் ஒரு தடவைக்கு 25 நாணயங்கள் வரை. ஆனால் செல்லுபடியாகும் பணம் என்பதும், கடைக்காரர் அதை வாங்கியே ஆக வேண்டும் என்பதும் ஒன்றாகாது. முதலிலேயே பலகை வைத்து 'இப்படித்தான் வாங்குவோம்' என்று சொல்லும் இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியை மற்ற ஊர்கள் அடைத்திருக்கின்றன. பிலடெல்பியா 2019இலும் நியூயார்க் நகரம் 2020இலும் சில்லறைக் கடைகள் ரொக்கத்தை மறுக்கக் கூடாது என்று விதித்தன. ரொக்கப் புழக்கம் உலகிலேயே மிகக் குறைந்த நாடுகளில் ஒன்றான நார்வே, ரொக்கம் கொடுக்கும் உரிமையை 2024 அக்டோபரில் வலுப்படுத்தியது. அவ்வளவு முன்னேறிய நாட்டுக்கே அது தேவைப்பட்டது.

சட்டம் வரும்வரை வீட்டில் செய்யக்கூடியவை சில உண்டு. தாத்தா பாட்டிக்குச் செயலியைத் திணிப்பதற்குப் பதிலாக, அடிப்படைச் சேமிப்புக் கணக்கு திறந்து டெபிட் கார்டு எடுத்துக் கொடுங்கள், தொடங்க 20 வெள்ளி போதும். 250 வெள்ளி வரை பின் எண் இல்லாமல் தட்டியே கட்டலாம் என்பதால், கார்டு தொலைந்தால் ஆபத்து. அந்த வரம்பைக் குறைக்கவோ நிறுத்தவோ பேங்கில் கேளுங்கள். அவர்கள் எண்ணுக்குக் காலக்கெடு முடியும் நாளை நாள்காட்டியில் குறித்து வையுங்கள். ஏடிஎம் தூரம் என்றால் பிஎஸ்என் பேங்க் ஏஜென்ட் பலகை உள்ள மளிகைக் கடையில் பணம் எடுக்கலாம். மோசடி நடந்ததும் முதல் வேலை தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் 997 எண்ணுக்கு அழைப்பது, போலீஸ் புகார் அதற்குப் பிறகு.

நம் மாவட்ட மன்றத்திடம் நான் கேட்பது ஒன்றுதான். வியாபார லைசென்ஸ் புதுப்பிக்கும்போது, மளிகை, மருந்து, பெட்ரோல், சாப்பாடு விற்கும் கடைகளுக்கு ஒரு நிபந்தனை சேருங்கள்: 100 வெள்ளிக்குக் குறைவான பில்லுக்கு ரொக்கத்தை மறுக்கக் கூடாது. கவுன்சிலர்கள் யாராவது இதைப் படித்தால், அடுத்த கூட்டத்தில் இதை எழுப்புங்கள். கடைக்காரர் சங்கத்தில் இருப்பவர்களும் கீழே கருத்து எழுதுங்கள், அந்த 100 வெள்ளி வரம்பு உங்களுக்கு அதிகமா குறைவா என்று தெரிந்தால் கோரிக்கையைத் திருத்தி எழுதலாம்.