சிரிக்கிற பல், அழுகிற பல்

ஒண்ணாம் வகுப்பு, ரெண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு உடல்நலம் பற்றிப் பாடம் நடத்த இணையத்தில் தேடினால் லெசன் பிளானுக்குப் பஞ்சமே இல்லை. டெலிகிராம் குரூப்பைத் திறந்தால் தினம் ஒரு பிடிஎஃப். கற்றல் விளைவு, செயல்பாடு, மதிப்பீடு எல்லாம் கட்டம் கட்டி, கலர் கலராக ஒர்க் ஷீட் சேர்த்து, இலவசமாகவே கிடைக்கிறது. சுற்றுவட்டாரப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் போன குறுவள மையக் கூட்டத்தில் புதிதாக வேலைக்கு வந்த ஒரு டீச்சர், "இத்தனை இருக்குதுங்களே, இதுல எது நல்லதுன்னு எப்படிங்கக்கா பாக்கறது?" என்று கேட்டார். மணி நாலரை ஆகிவிட்டது, பஸ் பிடிக்கிற அவசரம், பாதி சொன்னேன். மீதியை இங்கே எழுதுகிறேன்.

நான் முதலில் திறப்பது கடைசிப் பக்கத்தைத்தான். பாடம் முடிந்தபிறகு பிள்ளை என்ன செய்ய வேண்டும் என்று அந்த பிளான் எதிர்பார்க்கிறது? அந்தக் காரியம் ஆறு வயசுப் பிள்ளையின் கைக்குள் இருக்கிறதா? இல்லை என்றால் எத்தனை அழகாக இருந்தாலும் மூடிவிடுவேன். கணக்குப் பாடம் பிசகினால் பிள்ளை ஒரு கணக்கைத் தப்பாகப் போடும், அவ்வளவுதான். உடல்நலப் பாடம் பிசகினால் பிள்ளை தன் உடம்பையும் வீட்டையும் தப்பாகப் பார்க்க ஆரம்பிக்கும்.

தர்மபுரி மாவட்டத்தில் வேலை பார்ப்பவள் என்பதால் பல்லிலிருந்து ஆரம்பிக்கிறேன். எந்தத் தளத்துக்குப் போனாலும் ஒரு ஒர்க் ஷீட் கண்டிப்பாக இருக்கும்: வெள்ளைப் பல் சிரிக்கும், மஞ்சள் பல் அழும். பல் துலக்கினால் சிரிக்கும் பல், துலக்காவிட்டால் அழும் பல், கோடு போட்டு இணை. பார்க்க ஒரு குறையும் தெரியாது. எங்கள் பக்கத்துப் போர்வெல் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. எங்கள் மாவட்டத்தில் பல ஊர்களின் தண்ணீர் அதைத் தாண்டியது. அதற்காகத்தான் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது, 2013-இல் திறந்தார்கள். காவிரித் தண்ணீர் வந்தபிறகு எவ்வளவோ பரவாயில்லை. ஆனாலும் குழாயில் வராத நாளில் மறுபடி போர்த் தண்ணீர்தான்.

ஃப்ளோரைடு கூடினால் பல்லில் கறை விழும்; பல் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும்போதே அந்தக் கறை உள்ளே இறங்கிவிடுகிறது. ஆறு, ஏழு வயசில் பால் பல் விழுந்து புதுப் பல் முளைக்கும்போதே சுண்ணாம்புக் கோடு போல வெள்ளைத் திட்டோடு வரும், சிலருக்குப் பழுப்பாகவே வரும். எத்தனை தேய்த்தாலும் போகாது. காலையும் ராத்திரியும் ஒழுங்காகத் துலக்குகிற பிள்ளையின் கையில் அந்த அழுகிற பல்லைக் கொடுத்து "இது யாரு? பல்லு தேய்க்காதவங்க" என்று சொல்லவைத்தால் பக்கத்தில் இருப்பவன் யாரைத் திரும்பிப் பார்ப்பான்? அதற்கப்புறம் அந்தப் பிள்ளை வாயைக் கையால் மூடிக்கொண்டுதான் சிரிக்கும். பிளான் எழுதியவர் கெட்டவர் இல்லை. அவர் ஊர்த் தண்ணீரில் ஃப்ளோரைடு இந்த அளவுக்கு இல்லை, அவ்வளவுதான். பல் துலக்குவது பிள்ளையின் கையில் இருக்கிறது, பல்லின் நிறம் இல்லை. நான் அந்தத் தாளிலிருந்து நிறத்தை எடுத்துவிட்டு, சோற்றுப் பருக்கை ஒட்டிய பல், ஒட்டாத பல் என்று கரும்பலகையில் வரைந்துகொள்கிறேன்.

இதே தாள்களில் இன்னொன்றையும் கவனியுங்கள். பிரஷ் முழுக்க அலை அலையாகப் பேஸ்ட் வைத்த படம். மூன்றிலிருந்து ஆறு வயசுப் பிள்ளைக்குப் பட்டாணி அளவு போதும். சின்னப் பிள்ளைகள் பேஸ்ட்டில் பாதியை விழுங்கிவிடும், அதிலும் ஃப்ளோரைடு இருக்கிறது. படம் விளம்பரத்திலிருந்து வந்தது, விளம்பரம் பேஸ்ட் சீக்கிரம் தீர்வதற்காக எடுத்தது. பிளானின் அடியில் எந்தக் கம்பெனியின் சின்னம் இருக்கிறது என்று பார்க்கச் சொல்வது இதற்காகத்தான். சின்னம் இருந்தாலே தள்ளிவிட வேண்டும் என்றில்லை, படத்தை மட்டும் இன்னொரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது மிளகுத்தூள். எல்லாருக்கும் தெரிந்த செய்முறை: தட்டில் தண்ணீர், மேலே மிளகுத்தூள், அதுதான் கிருமி. விரலில் சோப்பைத் தொட்டுத் தண்ணீரில் வைத்ததும் மிளகு நாலாபக்கமும் ஓடும். பிள்ளைகள் "ஹே" என்று கத்துவார்கள், வீடியோவுக்கு லைக் குவியும். ஆனால் அங்கே நடப்பது வேறு. சோப்பு தண்ணீரின் பரப்பு இழுவிசையைக் குறைக்கிறது, மேலே மிதப்பது விலகுகிறது. கிருமி சோப்பைக் கண்டு ஓடுவதே இல்லை. கையில் இருக்கும் எண்ணெய்ப்பசையோடு அது ஒட்டிக்கொண்டிருக்கும்; சோப்பு அந்தப் பசையை இளக்கும், தேய்த்துத் தண்ணீர் விட்டால் அடித்துக்கொண்டு போகும். தேய்ப்பதுதான் வேலையே. மிளகுச் செய்முறையில் தேய்ப்பதே கிடையாது. அதைச் செய்து காட்டிய ஒரு வகுப்பில், மத்தியானச் சாப்பாட்டு மணிக்குக் குழாயடியில் நின்று பார்த்தேன். ஒருத்தன் சோப்பை ஒற்றை விரலால் தொட்டான், அந்த விரலை வாளித் தண்ணீரில் விட்டான், "ஓடிப்போச்சு டீச்சர்" என்றான். சொல்லிக்கொடுத்ததை அப்படியே செய்திருக்கிறான், அவனை என்ன சொல்வது?

இதற்கு மாற்று சுலபம். உள்ளங்கையில் ரெண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய், ஒரு சிட்டிகை கரித்தூள். முதலில் வெறும் தண்ணீரில் கழுவச் சொல்லுங்கள், போகாது. பிறகு சோப்புப் போட்டு ஒன்றிலிருந்து இருபது வரை நிதானமாக எண்ணிக்கொண்டே தேய்க்கச் சொல்லுங்கள். விரல் இடுக்கிலும் நகக்கண்ணிலும் கறுப்பு மிச்சம் இருக்கும், அதை அவர்களே காட்டுவார்கள். (மஞ்சள்தூள் மட்டும் வேண்டாம். சோப்புப் பட்டால் சிவந்துபோகும், ரத்தம் ரத்தம் என்று வகுப்பே அலறும்.) அப்புறம் சோப்பு. பள்ளிக் குழாயடியில் சோப்பு இல்லாமல் கை கழுவும் பாடம் நடத்துவதில் அர்த்தமே இல்லை. வைத்த சோப்பு சாயங்காலத்துக்குள் காணாமல் போகும் என்பது எல்லாருக்கும் தெரியும். வெங்காயம் வரும் சிவப்பு வலைப்பையில் போட்டுக் குழாயில் கட்டிவிட்டால் கொஞ்ச நாள் தாங்கும், வலையோடு தேய்த்தால் நுரையும் நன்றாக வருகிறது. இப்படி ஒரு வரி எழுதிய பிளானை இணையத்தில் நான் பார்த்ததே இல்லை. 'தேவையான பொருட்கள்: சோப்பு, தண்ணீர்' என்று போட்டுவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விடுகிறார்கள்.

சாப்பாட்டுப் பாடங்கள்தான் எனக்குப் பெரிய தலைவலி. நல்ல உணவுக்கு வட்டம் போடு, கெட்ட உணவுக்குப் பெருக்கல் குறி போடு. நல்லது என்றால் ப்ரோக்கோலி, சால்மன், ப்ளூபெர்ரி. தமிழில் மாற்றியவர் ப்ரோக்கோலியை எடுத்துவிட்டுக் காலிஃபிளவர் வைத்திருப்பார், மற்றதெல்லாம் அப்படியே. இன்னும் சில பிளான்களில் எதை எவ்வளவு சாப்பிடலாம் என்று காட்ட அமெரிக்க விவசாயத் துறை 1992-இல் போட்ட பிரமிடு படம் வருகிறது. அடித்தட்டு முழுக்க ரொட்டியும் அரிசியும், நாளுக்கு ஆறிலிருந்து பதினொரு பங்கு. அதை அவர்களே 2005-இல் மாற்றி, 2011-இல் எடுத்துவிட்டுத் தட்டுப் படம் கொண்டுவந்தார்கள். நம் ஊருக்கு ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் தனியாக ஒரு தட்டுப் படம் வெளியிட்டிருக்கிறது. அதைத் தேடி எடுக்க யாருக்கும் நேரமில்லை.

தகவல் பழசு என்றால் திருத்திக்கொள்ளலாம். எனக்கு அதைவிட உறுத்துவது, டிபன் டப்பாவைத் திறந்து நல்லது கெட்டது சொல்லும் செயல்பாடு. இரண்டாம் வகுப்புப் பிள்ளையா காய் வாங்குகிறது? அவள் அம்மா ஆறு மணிக்குக் கம்பெனி வேனில் ஏற வேண்டும், பிஸ்கட் பாக்கெட்டைக் கையில் கொடுத்து அனுப்புகிறாள். அந்தப் பிஸ்கட்டுக்கு வகுப்பு முன்னால் பெருக்கல் குறி போட்டால் பிள்ளை அதை அம்மாவுக்குப் போட்டதாகத்தான் எடுத்துக்கொள்ளும். எடை பார்த்துச் சுவரில் ஒட்டச் சொல்லும் பிளான்களும் இதே ரகம். எடை, உயரம் குறிக்க வேண்டும், அது பதிவேட்டில் இருக்கட்டும்.

சாப்பாட்டில் பிள்ளையின் கைக்குள் இருப்பது என்ன என்று பார்த்தால் கொஞ்சம்தான், ஆனால் இருக்கிறது. காலை உணவுத் திட்டத்தில் கிச்சடியும் பொங்கலும் காய்கறி சாம்பாரோடு வருகின்றன, மத்தியானம் முட்டை வருகிறது. சாம்பாரில் கிடக்கிற கேரட்டையும் பீன்ஸையும் தட்டின் ஓரம் ஒதுக்குவதா சாப்பிடுவதா என்பது முழுக்க அவர்கள் முடிவு. என் உணவுப் பாடம் அந்தத் தட்டு ஓரத்தில்தான் நடக்கிறது. கையில் பத்து ரூபாய் கிடைத்தால் கடையில் எதைக் கேட்பது என்பதும் அவர்கள் முடிவுதான். 2025-இல் சிபிஎஸ்இ தன் பள்ளிகளில், எதில் எவ்வளவு சர்க்கரை என்று காட்டும் சர்க்கரைப் பலகை வைக்கச் சொன்னது நல்ல யோசனை. ஆனால் கிராம் கணக்கு எழுதினால் ஏழு வயசுக்கு ஒன்றும் புரியாது. கலர் பானத்தில் 100 மில்லிக்குச் சுமார் பத்து கிராம் சர்க்கரை என்று வைத்துக்கொண்டால் ஒரு பெரிய டம்ளருக்கு ஐந்து டீஸ்பூன் வரும். அதை வெறும் டம்ளரில் அவர்களையே அள்ளிப் போடச் சொல்லுங்கள். போதும்.

உடற்பயிற்சி பிளான்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. இந்தப் பிள்ளைகளை உட்காரவைப்பதுதான் கஷ்டம்.

தொடுதல் பற்றிய பாடத்தில் மட்டும் தயவுசெய்து அவசரப்படாதீர்கள். பெரும்பாலான பிளான்கள் ஒரே மாதிரி: 'வேண்டாம்' என்று சத்தமாகக் கத்து, ஓடு, பெரியவர்களிடம் சொல். மூன்றில் முதல் இரண்டும் பிள்ளையின் கையில் இல்லை. தொந்தரவு செய்பவர் அநேகமாகத் தெரிந்தவர், மாமாவோ பக்கத்து வீட்டு அண்ணனோ. மிட்டாய் வாங்கிக் கொடுத்த ஆள் முன்னால் ஆறு வயசுக்குக் குரலே எழும்பாது. கத்தாத பிள்ளை இந்தப் பாடத்தைக் கேட்டுவிட்டு, "நான் கத்தலையே, அப்ப என் மேலதான் தப்பு" என்று நினைத்துக்கொள்ளும். ஆகவே நான் தேடுவது ஒரு வரியை: நீ கத்தாவிட்டாலும் தப்பு உன்னுடையது இல்லை, எத்தனை நாள் கழித்தும் சொல்லலாம். அது இல்லாத பிளானில் நானே எழுதிச் சேர்த்துவிடுவேன். இன்னொரு பக்கமும் வேண்டும், அது டீச்சருக்கு. பிள்ளை சொல்லிவிட்டால் நாம் என்ன செய்ய வேண்டும்? 2012 போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி தெரிந்தவுடன் போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும். "எதுக்கு வம்பு" என்று மறைத்தால் 21-ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை. குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐப் பிள்ளைகளுக்குப் பாட்டாகச் சொல்லித்தரும் பிளான்கள் டீச்சருக்கான இந்தப் பக்கத்தை மட்டும் விட்டுவிடுகின்றன. டீச்சருக்குப் பதில் தெரியாத வகுப்பில் பிள்ளையைப் பேசவைப்பது அந்தப் பிள்ளைக்குத்தான் ஆபத்து.

பிளான்களில் இல்லாதது என்ன என்றும் பாருங்கள். பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 குடற்புழு நீக்க நாள். பள்ளியிலேயே அல்பெண்டசோல் என்ற பூச்சி மாத்திரையை மென்று தின்னச் சொல்லிக் கொடுக்கிறோம். பாதிப் பிள்ளைகள் அழுகிறார்கள், சில அம்மாக்கள் அன்றைக்கு அனுப்புவதே இல்லை. இதற்கு முந்தின நாள் நடத்த உருப்படியான பாடம் ஒன்று தேடிப் பாருங்கள், கிடைப்பது அரிது. வெளிநாட்டுத் தளங்களில் சளியும் தும்மலும் முழங்கையில் இருமுவதும்தான், அவர்களுக்குக் கொக்கிப்புழு பிரச்சினை இல்லை. நமக்கு இருக்கிறது. உருண்டைப்புழு முட்டை கழுவாத கை வழியாக வயிற்றுக்குப் போகிறது, கொக்கிப்புழு வெறுங்கால் வழியாக ஏறுகிறது. நம் பிள்ளைகளிடம் செருப்பு இருக்கிறது, அரசே கொடுக்கிறது. ஆனால் வகுப்பறை வாசலில் கழற்றி வரிசையாக வைக்கச் சொல்லிப் பழக்கியது நாம்தான். இடைவேளை மணி அடித்ததும் அந்த வரிசையைத் தாண்டி வெறுங்காலோடு கக்கூஸுக்கு ஓடுகிறார்கள். அங்கேதான் பாடம் இருக்கிறது: மணி அடித்தால் முதலில் செருப்பு. ஆறு வயசுப் பிள்ளை யார் தயவும் இல்லாமல் செய்யக்கூடிய காரியம்.

மதிப்பிடுவதற்கு முறையான கருவியே இருக்கிறது என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஹெக்காட் என்று ஒன்றை 2007-இல் வெளியிட்டது. தகவல் சரியா, ஊர் ஏற்றுக்கொள்ளுமா, நடத்த முடியுமா, செலவு கட்டுப்படியாகுமா என்று தனித்தனியாகப் பார்க்கச் சொல்கிறது. கேள்விகள் அருமையானவை. ஆனால் அது ஒரு முழுப் பாடத்திட்டத்தைத் தேர்ந்தெடுக்கும் குழுவுக்கானது. ஒரு பீரியடுக்கான பிடிஎஃபை ராத்திரி சமையலுக்கு நடுவில் போனில் பார்க்கிற டீச்சருக்கு நாலும் தாங்காது. செலவு என்ற கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: கலர் பிரிண்ட் பக்கம் பத்து ரூபாய், முப்பது பிள்ளைகள், யார் காசு?

இப்போது ஏஐ வேறு. கேட்ட நொடியில் பிளான் வருகிறது, தமிழும் பரவாயில்லை. ராஜு, மீனா என்று ரெண்டு பிள்ளைகள், கிரீடம் வைத்த கிருமி ராஜா, கடைசியில் எல்லாரும் எழுந்து நின்று உறுதிமொழி. என் பள்ளிக் குழாயில் தண்ணீர் வருமா, என் பிள்ளைகளின் பல் என்ன நிறம் என்று அது கேட்பதே இல்லை. நாம் சொன்னால் கேட்டுக்கொள்ளும், மாற்றியும் தரும். ஆனால் என்ன சொல்ல வேண்டும் என்று நமக்கு முதலில் தெரிந்திருக்க வேண்டுமே.

ஆகவே குரூப்பில் பிடிஎஃப் போடுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். முதல் பக்கத்தில் மூன்று விஷயம் எழுதிவிட்டுப் போடுங்கள்: இதை நீங்கள் எந்த வகுப்பில் நடத்தினீர்கள், எது சொதப்பியது, மறுநாள் பிள்ளைகள் குழாயடியில் என்ன செய்தார்கள். இது இல்லாமல் வருவதை இனி நான் ஃபார்வர்டு செய்யப்போவதில்லை.