சின்னப் பையின் மறுவிற்பனை விலை: எங்கள் ஊர் ஈரக்காற்றையும் கணக்கில் சேருங்கள்
பெரிய பிராண்டின் சின்னக் கைப்பையில் போட்ட பணம் தங்கம் போல நிற்கும் என்று இங்கே வந்த கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. கடை விலையைத் தாண்டி விற்பவை எர்மெஸ் நிறுவனத்தின் பிர்கின், கெல்லி பைகள் போல மிகச் சிலதான்; மற்றவை பெரும்பாலும் கடைவாசலைத் தாண்டியதுமே விலை இறங்கும். அப்புறம், எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் உண்டு, அந்த ஈரம் தோல் பையை விடாது. என் மைனி துபாயிலிருந்து கொண்டுவந்த மெல்லிய ஆட்டுத்தோல் பை பீரோவில் இருந்தே கெட்டது: தையல் ஓரமெல்லாம் வெள்ளைப் பூசணம், சங்கிலி கருத்துவிட்டது. வாங்க வந்த பெண் முதலில் உள்ளே மோந்துதான் பார்த்தார், கேட்ட விலையில் பாதிகூடச் சொல்லவில்லை. விற்க ரசீது இருந்தால் போதும் என்று மேலே கருத்துப் பகுதியில் ஒருவர் எழுதியிருக்கிறார், போதாது. ஷனேல் பிராண்டு 2021இல்தான் அசல் பை என்று காட்டும் அட்டையை விட்டு, பையிலேயே பதித்த சிப்புக்கு மாறியது, அதற்கு முந்தைய பை என்றால் அந்த அட்டையையும் கேட்பார்கள். விற்கும் எண்ணம் இருந்தால் லூயி வுய்ட்டான் பிராண்டின் மோனோகிராம் (எழுத்துச் சின்னம் அச்சிட்ட) பை போலப் பூச்சுள்ள கேன்வாஸ் துணிப் பை பாருங்கள். அதிலும் சாயமிடாத தோல் கைப்பிடி வியர்வை பட்டுக் கருக்கும். எந்தப் பையையும் பிளாஸ்டிக் கவரில் கட்டி வைக்கவே வைக்காதீர்கள். துணிப்பையில், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்து, அடிக்கடி எடுத்துக் காற்றாட விடுங்கள்.