ஓடிபி வந்துவிட்டதா, சார்?

"கூகுளில் எல்லாம் கிடக்கிறது, நூலகம் எதற்கு?" என்று நாகர்கோவில் வடசேரி சந்தையில் நூலகரான என்னிடம் சட்டம் பேசிய அண்ணாச்சி, மறுநாள் காலை என் மேசை முன் நிற்கிறார். மகளின் டிஎன்பிஎஸ்சி ஹால்டிக்கெட்டைத் தரவிறக்க வேண்டுமாம். ஓடிபி வந்ததும் கைப்பேசியையே என்னிடம் நீட்டிவிட்டார். அந்த எண்ணை வாசிக்கவும் நான்தான் வேண்டும்!

குமரியில் இரண்டு பருவமழையும் கொட்டும். ஈரம் குடித்த அலமாரியில் இராமபாணப் பூச்சி தின்றது போக மிஞ்சிய புத்தகங்களைத் துடைக்க நேரமில்லை, பிரிண்டரில் சிக்கிய தாளை உருவிக்கொண்டிருக்கிறேன். நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் நூலகங்களுக்காக 1931இல் வகுத்த ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. நூலகரின் நேரத்துக்கு விதியே கிடையாது. இதற்கிடையில், "சொத்துவரியோடு நூலக வரியும் கட்டுகிறோமே, வைஃபை ஏன் இழுக்கிறது?" என்று ஜன்னலோரத்திலிருந்து ஒரு குரல்.