எங்கள் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்ளாதீர்கள்

உறுதி செய்த புக்கிங்கை எப்படி ஐயா கூசாமல் ரத்து செய்கிறீர்கள்?

ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் ஊரில், அமெரிக்கப் பாடகர் எல்விஸ் பிரெஸ்லி பெயரில் ஜனவரியில் நடக்கும் திருவிழாவுக்காக முந்தின பிப்ரவரியிலேயே ஒரு மோட்டலில் அறை பிடித்துவிட்டோம். அட்வான்ஸ் கட்டி ரசீதும் வாங்கியாயிற்று. டிசம்பரில் அந்த மோட்டலிலிருந்து ஒரு மின்னஞ்சல்: பராமரிப்பு வேலை, அறை இல்லை, மன்னிக்கவும். அன்று சாயங்காலமே அதே அறை இணையத்தில் விற்பனைக்கு வந்துவிட்டது! அதே போட்டோ, அதே நீலப் போர்வை. விலை மட்டும் மூன்று மடங்கு. கூடவே, குறைந்தது நாலு இரவு தங்கியே ஆக வேண்டும் என்று ஒரு நிபந்தனை வேறு. போன் செய்து கேட்டால், "திருவிழா சீசன், வேண்டுமென்றால் எடுங்கள்" என்கிறார் அந்த மனிதர்.

சீசனா? அந்த சீசனை உண்டாக்கியது யார்?

சிட்னிக்கு மேற்கே 350 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளியிருக்கிற ஊர் அது. ஜனவரி வெயிலில் தார் ரோடு உருகும். அந்த மாதத்தில் அங்கே எட்டிப் பார்க்க ஆளில்லாமல் இருந்தது. கிரேஸ்லேண்ட்ஸ் என்ற பெயரில் உணவகம் நடத்திய ஒரு தம்பதி, எல்விஸ் பிறந்த ஜனவரி 8-ஐ ஒட்டி 1993-ல் இந்தத் திருவிழாவைத் தொடங்கினார்கள். முதல் வருஷம் வந்தது ஏதோ இருநூறு பேர்தான். இத்தனைக்கும் எல்விஸ் ஆஸ்திரேலியாவில் ஒரு கச்சேரிகூடச் செய்ததில்லை. இன்று பத்துப் பன்னிரண்டாயிரம் பேர் வாழும் ஊருக்கு 25,000 பேர் வருகிறார்கள். சிட்னியிலிருந்து அதற்கென்றே ஒரு ரயில் கிளம்புகிறது, பெட்டி நிறைய எல்விஸ் மாதிரியே கிருதாவும் ஜம்ப்சூட்டுமாக. சனிக்கிழமை ஊர்வலத்தைத் தெருவோரம் நின்று பார்க்க யாரும் காசு கேட்பதில்லை. தங்க இடம் பற்றவில்லை என்பதால் ஊர்க்காரர்கள் தங்கள் சொந்த வீட்டு அறைகளையே ஒழித்து விருந்தாளிகளுக்குக் கொடுக்கிறார்கள். முப்பது வருஷமாக அவர்கள் உழைத்துச் சேர்த்த நல்ல பெயர் இது. அதன் மேல் உட்கார்ந்துகொண்டு இந்த ஆள் பகல் கொள்ளை அடிக்கிறார்!

விலை ஏற்றுவதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். கூட்டம் வரும் நாளில் நாலு காசு பார்க்க நினைப்பது வியாபாரம், சரி. புதிதாக வருபவரிடம் கேளுங்கள், கொடுக்க முடிந்தவர் கொடுக்கட்டும். ஆனால் கொடுத்த வாக்கை முறித்து, அதற்குப் பொய்க் காரணமும் சொல்வது வியாபாரமா?

எங்களோடு வருபவர் என் மாமனார், வயது 75. இதற்காகவே வெள்ளை ஜம்ப்சூட் தைத்து, காலரில் கல் பதித்து, பீரோவில் மாட்டி வைத்திருக்கிறார். நாற்பது டிகிரி வெயிலில் அவரைக் கூடாரத்தில் படுக்க வைக்க முடியுமா? ஆரஞ்சு என்கிற பக்கத்து நகரில் தங்கலாம் என்றால் போக நூறு கிலோமீட்டர், வர நூறு கிலோமீட்டர். ராத்திரிக் கச்சேரி முடிந்து திரும்பும்போது கங்காரு எந்தப் பக்கமிருந்து பாயும் என்று தெரியாது. அந்த ரோட்டில் ஓட்டியவர்களுக்குத்தான் அந்தப் பயம் புரியும்.

அறைக்குச் சொல்லிவிட்டு வராமல் போனால் எங்கள் அட்வான்ஸ் போய்விடும். அவர்கள் ரத்து செய்தால் அவர்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. இது என்ன நியாயம்? அந்தப் பணத்தையே இரட்டிப்பாகத் திருப்பித் தர வேண்டும் என்று ஒரு விதி இருந்தால் எந்தப் பராமரிப்பு வேலையும் டிசம்பரில் முளைக்காது.

இரட்டிப்பு கிடக்கட்டும். நான் கட்டிய அட்வான்ஸே இன்னும் வந்து சேரவில்லை. முதலில் அதை அனுப்புங்கள்.