நூல்களைப் படித்தால் மட்டும் போதுமா?
பிற சமயங்களைப் புரிந்துகொள்ள அவற்றின் புனித நூல்களைப் படித்தாலே போதும் என்று இங்கே வெளியான கட்டுரையில் அதன் ஆசிரியர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. மும்பை காட்கோபரில் இருபது ஆண்டுகளாக ஒரு குஜராத்திச் சமணக் குடும்பத்தின் எதிர்வீட்டில் வசிக்கிறோம். அகிம்சை சமணத்தின் முதல் விரதம், அதாவது முதல் உறுதிமொழி, என்பதைப் பள்ளியிலேயே மனப்பாடம் செய்திருந்தேன். ஆனால் மண்ணுக்குள் விளையும் உருளைக்கிழங்கைப் பிடுங்கினால் எண்ணற்ற உயிர்கள் மடியும் என்று அதையும் வெங்காயம், பூண்டையும் அவர்கள் விலக்குவதையும், கதிரவன் மறைவதற்குள் உணவை முடித்துக்கொள்வதையும் கண்ட பிறகே அச்சொல்லின் கனம் எனக்கு விளங்கியது. சமணத்தின் ஒரு பிரிவினரான சுவேதாம்பரர்களின் எட்டு நாள் நோன்புக் காலமான பர்யூஷணம் நிறைவுறும் சம்வத்சரி நாளன்று, அவ்வீட்டுப் பெரியவர், என்னைவிட முப்பது வயது மூத்தவராக இருந்தும், எங்கள் வாசலுக்கு வந்து கைகூப்பி ‘மிச்சாமி துக்கடம்’ என்பார். நான் செய்த தீங்கு பயனற்றுப் போகட்டும் என்பது பிராகிருதம் என்னும் பழைய மொழியிலுள்ள அந்தத் தொடரின் பொருள். முதல் ஆண்டு என்ன மறுமொழி சொல்வதென்று அறியாமல் நின்றேன். இப்போது நானும் அதையே சொல்கிறேன். மதுரைக் குன்றுகளில் சமணர் படுக்கைகளைப் பார்த்து வளர்ந்தும், அச்சமயத்தை முடிந்துபோன வரலாறாகவே எண்ணியிருந்தது வருத்தமளிக்கிறது. அக்கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு வாசகர் இத்தகைய வழக்கங்களை வெறும் சடங்குகள் என்கிறார்; ஆண்டுக்கொரு முறை அண்டை வீட்டாரிடம் மன்னிப்புக் கேட்பதை அப்படி ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.